குத்தகையும் வாரமும்: இரு நாடுகளின் கல்விக்கடன்

கல்விக்கடன் என்றதும் நாம் முதலில் கேட்பது ‘எவ்வளவு?’ என்றுதான். நான்கு லட்சமா, ஏழு லட்சமா, வட்டி எத்தனை விழுக்காடு? தேவையான கேள்விகள்தான். ஆனால் ஒரே அளவு கடன் வாங்கிய இரண்டு பட்டதாரிகளில் ஒருவர் நிம்மதியாகத் தூங்குவதும், மற்றவர் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலே பதறுவதும் ஏன் என்று அந்தக் கேள்விகள் சொல்வதில்லை. அதற்கு, கடனை எப்போது கேட்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

நம் ஊர் நிலங்களில் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. குத்தகை என்றால், மழை பெய்தாலும் பொய்த்தாலும் பேசிய நெல்லை அளந்தாக வேண்டும். வாரம் என்றால், களத்தில் கண்டதில் பங்கு. களம் காலியானால் பங்கும் இல்லை. கல்விக்கடனிலும் இந்த இரண்டு வகைகள் உண்டு. இந்திய வங்கிகள் தருவது குத்தகைக் கடன். ஆஸ்திரேலிய அரசு 1989 முதல் தருவது வாரக் கடன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்கு ஒரு காரணம் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை, நம்மிடம் குத்தகைக்காரராகத்தான் உள்ளே நுழைகிறார். அது அப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று நாமும் நம்பிவிட்டோம்.

தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது 1984-ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். பின்வந்த இருபது ஆண்டுகளில் அவை நூற்றுக்கணக்கில் பெருகின. இடங்கள் பெருகின, கட்டணம் கட்டப் பணம் யாரிடம் இருந்தது? நிலம் வைத்திருந்தவர்கள் விற்றார்கள், நகை வைத்திருந்தவர்கள் அடகு வைத்தார்கள், இரண்டும் இல்லாதவர்கள் கந்துவட்டிக்குப் போனார்கள். அந்த இடைவெளியை அடைக்கத்தான் 2000-ல் கனரா வங்கியின் அன்றைய தலைவர் ஆர்.ஜே. காமத் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 2001-ல் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் வந்தது. நான்கு லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை வேண்டாம் என்ற அதன் விதி பெரிய மாற்றம். ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்த காலத்தில் பொதுத்துறை வங்கிகள் ஊர் ஊராக முகாம் போட்டுக் கல்விக்கடன் வழங்கின. தமிழ்நாடும் கேரளமும் நாட்டிலேயே முன்னணியில் நின்றன. கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் பொறியாளர் ஆனார்கள். இந்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கந்துவட்டிக்காரரிடமிருந்து வங்கிக்கு வந்ததே ஒரு விடுதலைதான்.

ஆஸ்திரேலியாவின் கதை எதிர்த்திசையிலிருந்து தொடங்குகிறது. அங்கே விட்லம் தலைமையிலான தொழிற்கட்சி அரசு 1974-ல் பல்கலைக்கழகக் கட்டணத்தையே ஒழித்தது. பதினைந்து ஆண்டுகள் உயர்கல்வி இலவசம். எண்பதுகளின் இறுதியில் அதே கட்சியின் இன்னொரு அரசுக்கு, பாப் ஹாக் பிரதமராக இருந்தபோது, ஒரு நெருக்கடி வந்தது. பல்கலைக்கழக இடங்களைப் பெருக்க வேண்டும், பணம் இல்லை. பல்கலைக்கழகம் போகாத தொழிலாளியின் வரியில், நாளை அவரைவிட அதிகம் சம்பாதிக்கப்போகும் ஒருவர் இலவசமாகப் படிப்பது நியாயமா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. கல்வி அமைச்சர் ஜான் டாக்கின்ஸ் ஒரு குழு அமைத்தார். தலைவர் நெவில் ரான். அதற்காகத் திட்டத்தை வடிவமைத்த பொருளாதார அறிஞர் புரூஸ் சாப்மன் வைத்த யோசனை எளியது: இப்போது கட்டணம் வாங்காதீர்கள், வேலைக்குப் போய் நல்ல வருமானம் வந்தபின் வரியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். 1989-ல் திட்டம் தொடங்கியது. ஆண்டுக்கு 1,800 டாலர், எல்லாப் பாடங்களுக்கும் ஒரே தொகை. ஆண்டு வருமானம் 22,000 டாலரைத் தொடும்வரை திருப்பிச் செலுத்த வேண்டியது ஒன்றுமில்லை. மக்கள் அதை ‘ஹெக்ஸ்’ என்றார்கள். 2005-ல் அரசு ‘ஹெல்ப்’ என்று பெயர் மாற்றியபிறகும் வாய்ப்பேச்சில் அது ஹெக்ஸ்தான்.

ஆக, இரண்டு திட்டங்களும் ஒரே நோக்கத்துக்காக வந்தவை: பணமில்லாததால் படிப்பு நின்றுவிடக் கூடாது. திருப்பிச் செலுத்தும் நாள் வரும்போதுதான் அவற்றின் வேறுபாடு தெரிகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கவுன்சிலிங்கில் இடம் பெற்ற ஒரு மாணவி, நான்காண்டுப் பொறியியல் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் கடன் வாங்குகிறார் என்று வையுங்கள். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 2017-ல் நிர்ணயித்த கட்டணம் 50,000 ரூபாய். தர அங்கீகாரம் பெற்ற பாடமானால் 55,000. விடுதி, பேருந்து, புத்தகம், மடிக்கணினி எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் என்பது மிகையல்ல. வட்டி பத்து விழுக்காடு என்று கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப்பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தனிவட்டியாகக் கணக்கிட்டாலும் அந்த ஐந்தாண்டு முடிவில் 1,40,000 ரூபாய் சேர்ந்து, கடன் 5,40,000 ஆகிவிடும். ஏழாண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 8,960 ரூபாய். பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் 5,800 ஆகக் குறையும். ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் பத்து லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

இப்போது அந்தப் பெண்ணின் முதல் சம்பளம் 15,000 ரூபாய் என்று வையுங்கள். பெரும் நிறுவனங்களின் கேம்பஸ் தேர்வில் இடம் கிடைக்காத, இரண்டாம் நிலை நகரத்துக் கல்லூரியில் படித்த பொறியியல் பட்டதாரிக்கு இது நாம் அன்றாடம் பார்க்கும் தொகை. சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு மகளிர் விடுதிக் கட்டணமும் சாப்பாடும் போனால், ஏழாண்டுத் தவணைக்கு மிச்சம் இருக்காது. வேலையே கிடைக்கவில்லை என்றால்? தவணைத் தேதி அதைக் கேட்காது. படிப்பு முடிந்த பதின்மூன்றாம் மாதம் வங்கியின் கணினி தன்பாட்டுக்குத் தவணையை எழுதிக்கொள்ளும்.

அதே நாளில் ஒரு ஆஸ்திரேலியப் பட்டதாரியின் நிலை என்ன? 2025-26 நிதியாண்டு விதிப்படி ஆண்டு வருமானம் 67,000 டாலருக்குக் கீழே இருந்தால் அவர் கட்டவேண்டியது பூஜ்யம். கடன் 20,000 டாலராக இருந்தாலும் ஒரு லட்சம் டாலராக இருந்தாலும் பூஜ்யம்தான். 80,000 டாலர் சம்பாதித்தால், வரம்புக்கு மேற்பட்ட 13,000 டாலரில் ஒவ்வொரு டாலருக்கும் 15 காசு வீதம் ஆண்டுக்கு 1,950 டாலர். மாதத்துக்குச் சுமார் 160. அதையும் அவர் எந்த அலுவலகத்துக்கும் போய்க் கட்ட வேண்டாம். நிறுவனம் வரியைப் பிடிக்கும்போதே இதையும் பிடித்துவிடும். வேலை போனால் பிடித்தமும் அன்றே நின்றுவிடும். விண்ணப்பமோ, மேலாளரைப் பார்ப்பதோ, விளக்கக் கடிதமோ கிடையாது. குழந்தை பிறந்து இரண்டாண்டு வீட்டிலிருந்தால், அந்த இரண்டாண்டும் பூஜ்யம். கடனாளி இறந்துவிட்டால், மிச்சக் கடன் குடும்பத்தின் தலையில் விழாது.

தவணையின் அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: பத்திரத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பது.

ஹெக்ஸ் கடனுக்கு மாணவர் ஒருவர் கையெழுத்துப் போதும். தந்தை என்ன வேலை செய்கிறார், தாய்க்கு வேறு கடன் உண்டா, வீடு யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பதினெட்டு வயதானவரைச் சட்டம் தனி மனிதராகவே பார்க்கிறது. இந்தியாவில் பெற்றோர் கூட்டுக் கடனாளியாகச் சேர்ந்தாக வேண்டும். வங்கி முதலில் தேடுவது தந்தையின் சிபில் மதிப்பெண்ணை. எப்போதோ டிராக்டருக்கு வாங்கிய கடனில் ஒரு தவறு, நகைக்கடனில் ஒரு தாமதம் என்றால் மகளின் விண்ணப்பம் மேசையிலேயே நின்றுவிடும். மாணவரின் கடனுக்குச் சிபில் மதிப்பெண் குறைவைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ‘உங்க ஊர் எங்க சர்வீஸ் ஏரியாவுல வராது’ என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய பெற்றோர் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். அந்தக் காரணத்தைச் சொல்லிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்பது பலமுறை வலியுறுத்தப்பட்ட பின்னும் அந்தப் பதில் ஓயவில்லை.

பெண்பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. மகன் பெயரில் கடன் என்றால் ‘சம்பாதித்து அடைப்பான்’ என்கிற வீடு, மகள் என்றால் ‘கட்டிக்கொடுக்கிற இடத்தில் இதையும் சொல்லணுமே’ என்று தயங்குகிறது. தரகர் வழியே வரும் வரன், பெண்ணின் படிப்பை விசாரிக்கும்போதே படிப்புக்கான கடனையும் விசாரிக்கிறது. கடன் அவளுடையதாக மட்டும் இருந்து, அவள் சம்பளத்திலிருந்து மட்டும் பிடிக்கப்பட்டு, அவள் வேலையை விட்டால் நின்றுவிடும் என்றிருந்தால், இந்தப் பேச்சில் பாதி எழாது.

தவணை தவறினால் நடப்பதைச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 90 நாள் கட்டாவிட்டால் கணக்கு வாராக்கடன். மாணவர், பெற்றோர் இருவரின் கடன் வரலாற்றிலும் அது ஏறும். அதன்பின் வசூல் முகவர்கள். 2016-ல் நாட்டின் மிகப் பெரிய பொதுத்துறை வங்கி, வாராமல் நின்ற கல்விக்கடன்களின் ஒரு தொகுப்பை ஒரு தனியார் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு, பாக்கித் தொகையில் பாதிக்கும் குறைவான விலைக்கு விற்றது. அந்த ஆண்டு மதுரையில் ஓர் இளம் பொறியியல் பட்டதாரி உயிரை மாய்த்துக்கொண்டபோது, வசூல் நெருக்கடியே காரணம் என்று தமிழ்நாடு முழுக்கக் கண்டனம் எழுந்தது. அப்போது எழுந்த கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஒரு நிறுவனத்துக்குப் பாதி விலைக்குக் கொடுக்க மனம் வந்த வங்கி, அதே தள்ளுபடியை ஏன் அந்தப் பிள்ளைகளுக்கே கொடுக்கவில்லை? கடனைக் கட்ட மறுத்தவர்கள் என்று அவர்களைப் பேசினார்கள். அவர்களில் பெரும்பாலோர் மறுத்தவர்கள் அல்லர். கட்ட வருமானம் இல்லாதவர்கள். இந்த இருவரையும் பிரித்தறிய வங்கி ஏற்பாட்டில் வழியே இல்லை. ஆஸ்திரேலிய ஏற்பாட்டில் வருமானம் இல்லாதவரை யாரும் தவறியவர் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அவருக்கு அந்த ஆண்டு தவணையே இல்லை.

அதற்காக ஆஸ்திரேலியாவைக் குறையில்லாத நாடாகக் காட்டினால் அது பொய்யாகிவிடும். வாரத்தில் பங்கு எவ்வளவு என்பதை நிலக்காரரே முடிவுசெய்தால் அதுவும் சுரண்டல்தான்.

ஹெக்ஸ் கடனுக்கு வட்டி இல்லை. ஆனால் ஆண்டுதோறும் ஜூன் 1 அன்று விலைவாசிக்கு ஏற்பக் கடன் உயர்த்தப்படும். நெடுங்காலம் அது சிறு தொகையாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. 2023-ல் விலைவாசி எகிறியபோது கடன் ஒரே நாளில் 7.1 விழுக்காடு ஏறியது. ஆண்டு முழுக்கச் சம்பளத்தில் பிடித்த பணம், வரிக் கணக்கு முடிந்த பிறகே கடனில் கழிக்கப்படும் என்பதால், கட்டியும் கட்டாதவராகவே பலர் அந்த உயர்வைச் சுமந்தார்கள். 50,000 டாலர் கடன் வைத்திருந்தவருக்குக் கூடியது 3,550 டாலர். அந்த ஆண்டு அவர் கட்டியதைவிடக் கூடியது அதிகமாகக்கூட இருந்திருக்கும். எதிர்ப்பு வலுத்தபின், விலைவாசி உயர்வு, ஊதிய உயர்வு இரண்டில் எது குறைவோ அதுவே கணக்கு என்று 2024 நவம்பரில் சட்டம் மாறியது. முன்தேதியிட்டு 2023-ன் உயர்வும் 3.2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

கட்டணமும் 1,800 டாலரில் நிற்கவில்லை. 1997-ல் பாடத்துக்கு ஏற்பக் கட்டணம் பிரிக்கப்பட்டது. 2021-ல் செவிலியர், ஆசிரியர் படிப்புகளுக்கு ஆண்டுக்கு 3,950 டாலர் என்று குறைத்து, வரலாறு போன்ற கலைப் பாடங்களுக்கு 14,500 டாலராக உயர்த்தினார்கள். இன்று மூன்றாண்டுக் கலைப் பட்டத்தின் விலை 50,000 டாலரைத் தாண்டிவிட்டது. கடன் வலிக்காது என்றால் விலையைக் கூட்டுவது அரசுக்கு எளிதாகிவிடுகிறது. வலியில்லாத கடனின் பெரிய ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு ஆபத்தை அவர்கள் கசப்பாகவே கற்றார்கள். தொழிற்கல்விப் படிப்புகளுக்கும் இதே வகைக் கடனை விரிவாக்கியபோது, சில தனியார் பயிற்சி நிறுவனங்களின் தரகர்கள் அரசுக் குடியிருப்புகளிலும் பழங்குடி மக்களின் ஊர்களிலும் வீடு வீடாகப் போனார்கள். இலவச மடிக்கணினி தருவதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். படிக்கத் தெரியாதவர்கள் பெயரில்கூட ஆயிரக்கணக்கான டாலர் கடன் ஏறியது. 2016 இறுதியில் அரசு அந்தத் திட்டத்தையே மூடியது. ஆசிரியர்களும் ஆய்வகமும் இல்லாமல், வங்கிக் கடனை நம்பியே ஓடிக்கொண்டிருந்த சில கல்லூரிகளைப் பார்த்த நமக்கு இந்தக் கதை அந்நியமாகத் தெரியாது. கடன் எந்த வகையானாலும், கல்லூரியின் தரத்தைக் கண்காணிக்காமல் பணத்தை மட்டும் திறந்துவிட்டால் அது மாணவரைக் கடந்து கல்லூரி முதலாளியிடம் போய்ச் சேரும்.

இரு நாட்டிலும் கல்விக்கடன் தேர்தல் மேடைக்கு வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலில் கல்விக்கடன் தள்ளுபடி வாக்குறுதியாக வந்தது. ஆஸ்திரேலியாவில் 2025 தேர்தலுக்கு முன் ஆளுங்கட்சி, எல்லாருடைய மாணவர் கடனிலும் ஐந்தில் ஒரு பங்கைக் குறைப்போம் என்றது. வென்றது, ஜூலை இறுதியில் சட்டம் நிறைவேறியது. ஏறத்தாழ 30 லட்சம் பேரின் கடனில் 1,600 கோடி டாலர் கழிந்தது. அங்கே கடன் கொடுத்தவர் மத்திய அரசு. குறைக்க ஒரு சட்டம் போதும். இங்கே கடன் கொடுத்தவை வங்கிகள். மாநில அரசு தள்ளுபடி செய்ய வேண்டுமானால் தன் கருவூலத்திலிருந்து வங்கிக்குப் பணம் கட்ட வேண்டும். நம் பிள்ளைகளின் கடனைப் பற்றி முடிவெடுக்கும் இடம் கோட்டையில் இல்லை என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

இந்த இரண்டு கடன்களும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. மெல்பர்னிலோ சிட்னியிலோ ஒரு பல்கலைக்கழக வகுப்பறை. கோயம்புத்தூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ முதுகலை படிக்கப் போன மாணவரும், உள்ளூர் மாணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளூர் மாணவரின் கட்டணத்தை அரசின் கடன் பார்த்துக்கொள்கிறது. நம் மாணவருக்கு ஹெக்ஸ் கிடையாது; வெளிநாட்டு மாணவருக்கான முழுக் கட்டணம். அதற்காக ஊரில் வீட்டுப் பத்திரம் வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ இருக்கிறது. 2025 ஜூலை முதல் விசா விண்ணப்பத்துக்கே 2,000 டாலர். படிப்புக் காலத்தில் இரு வாரத்துக்கு 48 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். ஒரே பாடம், ஒரே பேராசிரியர், ஒரே பட்டம். வேலை கிடைக்காவிட்டால் ஒருவர் பெற்றோர் வீட்டில் காத்திருக்கலாம். இன்னொருவரின் பெற்றோருக்கு வீடே போகலாம்.

ஈழத்திலிருந்து படகில் போன அகதிக் குடும்பங்களின் பிள்ளைகளையும் இங்கே நினைக்க வேண்டும். பத்தாண்டுக்கு மேல் ஆஸ்திரேலியாவிலேயே வளர்ந்து, அங்கேயே பள்ளி முடித்து, நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள், தற்காலிக விசா என்ற ஒரே காரணத்தால் வெளிநாட்டு மாணவராகவே நடத்தப்பட்டார்கள். தற்காலிகப் பாதுகாப்பு விசாக்காரர்களுக்கு 2023 பிப்ரவரியில் நிரந்தர வழி திறந்தது. இடைக்கால விசாவில் இருப்பவர்கள் அதற்கும் வெளியே நின்றார்கள். நியாயமான திட்டம் என்று நான் சொல்வதும், யார் உள்ளே யார் வெளியே என்ற கோட்டுக்கு உட்பட்ட நியாயம்தான்.

அப்படியானால் வாரக் கடனை இந்தியாவுக்குக் கொண்டுவர முடியுமா? அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஆஸ்திரேலியத் திட்டத்தின் முதுகெலும்பு அதன் வரித்துறை. அங்கே வேலை செய்கிற ஏறத்தாழ எல்லாருடைய சம்பளமும் அதற்குத் தெரியும். இந்தியாவில் 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானத்துக்கு வரியே இல்லை. நம் பட்டதாரிகளில் பெரும்பாலோர் வரி கட்டும் எல்லைக்குள் வரவே மாட்டார்கள். கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்குபவர், சொந்தக் கடை வைத்தவர், வளைகுடாவுக்குப் போனவர் என்று கணக்கில் அகப்படாதவர்கள் நிறைய. தாய்லாந்து 2006-ல் இதே வகைத் திட்டத்தைத் தொடங்கி, அரசு மாறியதும் ஓராண்டிலேயே கைவிட்டது. அந்த அனுபவத்தையும் மறக்கக் கூடாது.

ஆனால் ‘முடியாது’ என்று இதோடு பேச்சை முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 15,000 ரூபாய் சம்பளக்காரரிடமும் மாதம் தவறாமல் ஒரு பிடித்தத்தை நம் நாடு செய்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பெயர் வருங்கால வைப்பு நிதி. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் அந்த நிதியில் சேர்ந்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் நிலையான ஒரு கணக்கு எண் இருக்கிறது. நிறுவனம் மாறினாலும் அது மாறுவதில்லை. கல்விக்கடன் தவணையை அந்தச் சம்பளத்தின் ஒரு பங்காக, ஒரு வரம்புக்கு மேல் மட்டும், அதே வழியில் பிடிப்பது நடக்காத காரியம் அல்ல. எல்லாரையும் அது பிடிக்காது. ஆனால் இப்போதுள்ள ஏற்பாடும் எல்லாரிடமும் வசூலித்துவிடவில்லை. வாராக்கடன் கணக்கே அதற்குச் சாட்சி.

மத்திய அரசு சும்மா இருந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புகளுக்குப் படிப்புக் கால வட்டியையும் அடுத்த ஓராண்டு வட்டியையும் அரசே ஏற்கும் திட்டம் 2009-10 முதல் இருக்கிறது. நாம் மேலே போட்ட கணக்கில் அது 1,40,000 ரூபாயைக் குறைத்து, ஏழாண்டுத் தவணையை 6,640 ஆக்கிவிடும். ஏழரை லட்சம் வரையிலான கடன்களுக்கு அரசின் உத்தரவாத நிதி வந்தது. 2024 நவம்பரில் பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுத்த 860 நிறுவனங்களில் சேர்வோருக்குப் பிணையும் ஜாமீன்தாரும் இல்லாத கடன் என்றது. நல்ல அடிகள்தான். ஆனால் அந்த முன்னணி நிறுவனங்களில் இடம் பிடிப்பவருக்கு வேலையும் எளிதில் கிடைக்கும். பிணை கேட்டு மிரட்டப்படுபவர் பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்கு வெளியே உள்ள கல்லூரியில்தான் படிக்கிறார். மேலும் இவை எல்லாம் கடனைப் பெறுவதை எளிதாக்குகின்றனவே தவிர, அடைக்கும் நாளில் வருமானத்தைக் கேட்பதில்லை.

தமிழ்நாடு கண்ட சிறந்த வழி கடனே அல்ல. 2010-ல் வந்த முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவர்களின் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் 2021 முதல் அரசே ஏற்றது, 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய். இவற்றால் கடனே வாங்காமல் படிப்பை முடித்தவர்கள் பலர். விட்லம் 1974-ல் செய்ததன் சிறு வடிவங்கள் இவை. கடனைச் சீர்திருத்துவது, இந்த உதவி எட்டாதவர்களுக்காக.

என் தீர்ப்பு இது: பெற்றோரின் கையெழுத்தும், வருமானத்தைக் கேட்காத தவணைத் தேதியும், இவை இரண்டும் நம் கல்விக்கடனிலிருந்து போக வேண்டும். வட்டி விகிதத்தைக் கால் விழுக்காடு குறைப்பதைவிட இந்த இரண்டும் அதிகப் பிள்ளைகளைக் காப்பாற்றும்.

அதுவரை, இந்த ஆண்டு வங்கிப் படி ஏறப்போகும் பெற்றோருக்கும், ஏற்கெனவே கடனில் இருக்கும் பட்டதாரிகளுக்கும் சில சொற்கள். விண்ணப்பத்தோடு வட்டாட்சியரின் வருமானச் சான்றிதழைக் கொடுத்து, வட்டி மானியம் பதிவாகிவிட்டதா என்று ஒவ்வோர் ஆண்டும் கேளுங்கள்; பல வீடுகளில் அந்த மானியம் கேட்காததாலேயே போகிறது. கல்லூரிக்கும் பாடத்துக்கும் தர அங்கீகாரம் உண்டா என்று சேரும் முன்பே பாருங்கள். மானியம் அதைப் பொறுத்தது. வேலை கிடைக்கவில்லை என்றால் ஒளியாதீர்கள். வேலையில்லாத காலத்தையும் குறைந்த வருமானக் காலத்தையும் கருத்தில் கொண்டு தவணையை இடையில் ஒத்திவைக்கவும், திருப்பிச் செலுத்தும் காலத்தைப் பதினைந்து ஆண்டு வரை நீட்டவும், தொடக்கத்தில் குறைத்துப் பின்னர் கூட்டவும் வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. முகவர் வந்தபின் கேட்டால் அது கெஞ்சல் ஆகிவிடும். தவணை தவறி 90 நாள் ஆவதற்குள் எழுத்தில் கேளுங்கள். கொடுத்த கடிதத்துக்கு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.